குருவிட்டவிலிருந்து ஒரு கடற்கரைப் பிரயாணம்

குருவிட்டக் கடைவீதியின் நடுவே செல்லும் ஏ4 வீதிக்கு, அவ்வூரார் அதிகம் எண்ணிப் பார்த்திராத ஒரு விசேஷம் உண்டு. மேற்கே கொழும்பில் தொடங்கும் அவ்வீதி, சப்பிரகமுவ மலைகளையும் ஊவாவின் சரிவுகளையும் தாண்டி, ஏறத்தாழ 430 கிலோமீட்டர் சென்று கிழக்கே மட்டக்களப்பில் முடிகிறது. ஆகவே குருவிட்டவில் நின்று எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாலும், வீதி முடியும்வரை இறங்காதிருப்பவன் கடற்கரையிலேதான் போய்ச் சேருவான். ஆறும் அவ்வாறே. ஊருக்கு அருகே ஓடும் குரு கங்கை களு கங்கையில் கலக்க, சிவனொளிபாத மலையில் பிறந்த களு கங்கையோ 129 கிலோமீட்டர் நடந்து களுத்துறையில் சமுத்திரத்தை அடைகிறது. குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையை அகழ்ந்தவர்கள், ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மனிதர்களின் எலும்புகளோடு, கடற்சிப்பியில் செய்த மணிகளையும் கண்டெடுத்தார்கள். வண்டியும் வீதியும் இல்லாத காலத்திலேயே இம்மலைக்காட்டு மனிதருக்கும் கடலுக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

இத்தனை சம்பந்தம் இருந்தும், சுற்றியுள்ள தேயிலை, ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழும் நம்மவருக்குக் கடல் என்பது உல்லாசத்துக்குரிய இடமாக இருந்ததில்லை. நம் முன்னோர் கடலைக் கண்டது பிழைப்புத் தேடி அதைக் கடந்தபோதுதான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை ஏற்படுவதற்கு முன், தோணிகளில் வந்து இறங்கி மன்னார்க் காடுகளின் ஊடே நடந்தார்கள். வழியில் மாண்டோர் பலர். பிறகு 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில், அதே தலைமன்னார்க் கரையிலிருந்து பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போவதற்கும் வருவதற்கும் பிறர் போட்ட திட்டத்தின்படியே கடலைக் கண்ட ஒரு சமூகம், தன் பிள்ளைகளுக்கு அலையைக் காட்டுவதற்காகவே, தானே நாள் குறித்துத் தானே வழி தேர்ந்து புறப்படுவதென்பது, பார்வைக்குச் சிறிய காரியமானாலும் புதிய காரியம். ஆதலால் அதைக் கொஞ்சம் யோசித்தே செய்யலாம்.

கடற்கரை வீதியில் குடும்பத்தோடு மோட்டார் வண்டியில் செல்வதை ஒரு கலையாகவே வளர்த்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். கலிபோர்னியா மாகாணத்தில், ஒன்றாம் இலக்க நெடுஞ்சாலை பசிபிக் சமுத்திரத்தை ஒட்டி ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர் செல்கிறது. முதன்முறையாக அதிற் புறப்படும் குடும்பத்துக்கு அனுபவசாலிகள் கூறும் புத்திமதிகள் பெரும்பாலும் மூன்றே: பருவம் அறிந்து போ, வடக்கேயிருந்து தெற்கு நோக்கிப் போ, முழு நீளத்தையும் ஒரே மூச்சில் பார்க்க ஆசைப்படாதே. கோடீஸ்வரருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் பொதுவான இந்த மூன்று விதிகளையும் நம் தீவுக்குப் பொருத்திப் பார்த்தால், பிரயாணத் திட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

முதலாவது பருவம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, இரத்தினபுரி மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டுவதோடு, களுத்துறை முதல் மாத்தறை வரையுள்ள கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. அதே மாதங்களில் மலைக்கு அப்பால், பொத்துவில் முதல் மட்டக்களப்பு வரை வானம் தெளிந்து கடல் அமைதியாக இருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகி, கிழக்கே மழையும் அலையுமாக, தெற்கும் மேற்கும் சாந்தமடைகின்றன. ஆகையால் எந்தக் கரைக்குப் போவது என்று வீட்டில் விவாதிப்பதற்கு முன், எந்த மாதத்தில் போவது என்று தீர்மானிக்க வேண்டும். கரையைக் காற்றே தேர்ந்து கொடுத்துவிடும். பாடசாலை விடுமுறை ஆகஸ்டில் கிடைத்தால் கிழக்கு. டிசெம்பரில் கிடைத்தால் தெற்கு. ஏப்ரலில் இரு கரையும் ஓரளவு ஒத்துவருமாயினும், புத்தாண்டுக் காலத்தில் நாடு முழுவதும் வீதியில் இருக்கும் என்பதை மறந்துவிடலாகாது.

டிசெம்பர்ப் பிரயாணத்தை முதலில் வகுத்துப் பார்ப்போம். குருவிட்டவிலிருந்து தென்கரைக்குச் சென்று திரும்ப ஓர் இயற்கையான வட்டப்பாதை அமைந்திருக்கிறது. இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகமவில் இறங்கினால் அங்கே கடற்கரை வீதியாகிய ஏ2 குறுக்கிடும். அதில் மேற்கே திரும்பித் தங்காலை, மாத்தறை, காலி, களுத்துறை எனக் கரையோரமாகவே பாணந்துறைவரை வந்து, ஹொரணை, இங்கிரிய வழியாக இரத்தினபுரிக்கு ஏறிவிடலாம். மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர்.

இதே வட்டத்தைப் பாணந்துறைப் பக்கமாகத் தொடங்கி எம்பிலிப்பிட்டிய வழியாகத் திரும்பியும் முடிக்கலாம். கொழும்புத் திசை பழக்கமானதாகையால் பலரும் அப்படியே செய்வார்கள். ஆனால் அமெரிக்கர்களின் இரண்டாவது விதி இங்கேதான் உதவுகிறது. அந்நாட்டில் வண்டிகள் வீதியின் வலப்புறமாகச் செல்வதால், மேற்குக் கரையில் தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கே கடல் தம் பக்கத்தில் கிடைக்கும். அதனால்தான் வடக்கேயிருந்து புறப்படச் சொல்கிறார்கள். நாமோ இடப்புறமாகச் செல்கிறவர்கள். பாணந்துறையிலிருந்து காலிக்குப் போனால் கடல் வலப்புறம், வீதிக்கு அப்பால் இருக்கும். பார்க்க வேண்டிய ஒவ்வோரிடத்திலும் வேனை நிறுத்திக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, விரைந்து வரும் பஸ்களுக்கு இடையே வீதியைக் கடக்க வேண்டும். நோனாகமவில் தொடங்கி மேற்கும் வடக்குமாக வந்தாலோ, கரை முழுவதும் கடல் இடப்புறத்திலேயே இருக்கும். வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, மணலிலே இறங்கிவிடலாம். திசையை மாற்றுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. பயனோ பிரயாணம் முழுவதும் கிடைக்கிறது.

முதல் நாள் விடியுமுன் புறப்பட்டால் முற்பகலுக்குள் தங்காலைக் கரையைக் காணலாம். அன்று மாத்தறையில் தங்குவது உசிதம். அதற்குமுன், வழியில் நிச்சயமாக இறங்க வேண்டிய இடம் தெவிநுவர. இலங்கைத் தீவின் தென்கோடி அது. 49 மீட்டர் உயர்ந்த வெள்ளைக் கலங்கரை விளக்கு ஒன்று 1889 முதல் அங்கே நிற்கிறது. அதன் அப்பால் தெற்கே துருவப் பனிக்கண்டம் வரை வேறு நிலமே இல்லை என்று சொன்னால் எந்தச் சிறுவனும் ஒருகணம் பேச்சடங்குவான். அவ்வூருக்குத் தமிழர் வழங்கிய பெயர் தேனவரை. சைவர்கள் தொண்டேஸ்வரம் என்பார்கள். 1344இல் வந்த மொரோக்கோ நாட்டுப் பிரயாணி இபின் பதூதா, அங்கே மனித உருவளவான பொன் விக்கிரகமும் அதன் கண்களாகப் பதித்த மாணிக்கங்களும் கொண்ட பெருங்கோயிலைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்தப் பேராலயத்தைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்தனர். மாணிக்கக் குழிகளுக்குப் பேர்போன மாவட்டத்திலிருந்து செல்லும் குழந்தைகளுக்கு, அந்தக் கண்கள் எந்த மண்ணிலிருந்து வந்திருக்கக் கூடும் என்று யோசிக்கக் கொடுப்பது நல்ல விளையாட்டு.

மாத்தறைக்கு அருகேயுள்ள பொல்ஹேன, முதன்முதலாகக் கடலில் கால் வைப்பவர்களுக்கென்றே அமைந்தது போன்ற கரை. பவளப்பாறைத் திட்டு ஒன்று வெளியே நின்று அலையை உடைத்துவிடுவதால், உள்ளே நீர் ஆழமின்றிச் சாந்தமாக இருக்கும். இரண்டாம் நாள் காலையை அங்கே கழித்துவிட்டு, கடலில் கம்பு நாட்டி அதன்மேல் அமர்ந்து மீன் பிடிக்கும் செம்படவர்களை அகங்கமப் பக்கத்தில் பார்த்தபடி காலிக்கு வரலாம். ஒல்லாந்தர் 1640இல் கைப்பற்றிக் கருங்கல்லும் பவளக்கல்லும் கொண்டு விஸ்தரித்த காலிக் கோட்டை, 1988 முதல் உலக மரபுரிமைச் சின்னம். கட்டணமின்றி அதன் மதில்மேல் மாலையில் நடக்கலாம்.

காலியைப் பற்றித் தமிழ்க் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய விருத்தாந்தம் வேறொன்றும் இருக்கிறது. 1911இல் அந்நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டு, சீனச் சக்கரவர்த்தியின் கடற்படைத் தலைவரான செங் ஹோவால் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவரப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று பாஷைகளில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும் போற்றிக் காணிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. ஆனால் இக்கடற்கரையில் வாணிபம் செய்ய வந்தவர்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழை இன்றியமையாத மொழியாகக் கருதினார்கள் என்ற செய்தியை, அது கிடைத்த ஊரில் நின்று சொல்வதே பொருத்தம்.

மூன்றாம் நாள் ஹிக்கடுவை. பவளப்பாறைகளின் நடுவே கடலாமைகள் கரையருகே வந்து நீந்தும். அவற்றைத் தொடவும் பவளத்தின்மேல் நடக்கவும் கூடாது என்று முன்கூட்டியே குழந்தைகளுக்கு விளங்கச் செய்ய வேண்டும். சிறிது வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய பெரலியவில், 2004 டிசெம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை ஒரு ரயிலையே புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இடத்தில் நினைவுச் சின்னம் நிற்கிறது. உல்லாசப் பயணத்தில் துக்கம் எதற்கு என்று அதைத் தவிர்த்துவிட வேண்டாம். பூமி அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கிக் கடலடி தெரிந்தாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்ற பாடம், அங்கே சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது. பிறகு அம்பலாங்கொடையின் முகமூடிகளையும் பேருவளையின் மீன்பிடித் துறையையும் கடந்தால் களுத்துறை. பாலத்தின்மேல் வண்டி போகும்போது, கீழே கடலில் சேருவது தம் ஊர் ஆற்று நீர் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

நேரம் தட்டினால் காலியிலிருந்து தென் அதிவேக வீதியைப் பிடித்து ஹொரணைக்கு அண்மையில் இறங்கிவிடலாம். கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே 2011இல் திறக்கப்பட்ட அவ்வீதி உள்நாட்டின் ஊடே செல்வதால், அதில் கடலே தெரியாது; திரும்புகிறவர்களுக்கு அது சௌகரியம், பார்க்கப் போகிறவர்களுக்கு நஷ்டம்.

ஆகஸ்டுப் பிரயாணமானால் வழிகாட்டியே தேவையில்லை. வீட்டு வாசலிலுள்ள ஏ4 வீதியைக் கிழக்கே பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்ல எனச் சரிவுகளில் வளைந்து, கொஸ்லந்தைக்கு அருகே 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் அடியால் சென்று, வெல்லவாய, மொனராகலை கடந்து, சமவெளியின் வெப்பத்தில் பொத்துவிலை அடையும் பாதை அது. இவ்வழியை மழைக்காலத்தில் தவிர்க்கச் சொல்வதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு: 2014 அக்டோபர் 29ஆம் தேதி மண்சரிவில் லயங்களோடு புதைந்த மீரியபெத்தை, கொஸ்லந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்சொன்ன அமெரிக்க நெடுஞ்சாலையும் இவ்விஷயத்தில் விலக்கானதல்ல. 2017 மே மாதம் மலை சரிந்து மூடிய பகுதியை மீண்டும் திறக்க 2018 ஜூலை ஆயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் புறப்படும் முன் கேட்டறிவதை, சப்பிரகமுவவில் வாழ்கிறவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பொத்துவிலிலிருந்து வடக்கே, திருக்கோவிலின் சித்திர வேலாயுத சுவாமி ஆலயம், அக்கரைப்பற்று, 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, கல்முனை என்று கரையோரமாகவே மட்டக்களப்பை அடையலாம். இப்பகுதியின் பெரிய அனுகூலம் மொழி. விடுதிக்காரரிடம் பேரம் பேசவும், மீனவரிடம் இன்று கடலில் இறங்கலாமா என்று விசாரிக்கவும், மருந்துக் கடையில் குழந்தையின் நோயைச் சொல்லவும் தாய்மொழியே போதும் என்பது, முதன்முறை வெளியூர் செல்லும் பாட்டிக்குக்கூடத் தைரியம் தரும். கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவுகளில் மீன் பாடுகிறது என்பார்கள். கேட்கிறதோ இல்லையோ, அதற்காகத் தோணியில் ஏறி அமர்வதே ஓர் இன்பம். ஆயினும் போக மட்டும் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஆகையால், மூன்று நாளே கையிலிருந்தால் பொத்துவிலை அடுத்த அறுகம்பையோடு நின்றுவிட வேண்டும். மூன்றாவது விதியின் பொருள் இதுவே.

செலவைப் பற்றிப் பேசாத திட்டம் திட்டமாகாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தாலும், கணவனும் மனைவியும் மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால், வண்டி ஏறுமுன்பே 8,100 ரூபாய் செலவாகிவிட்டது என்று அர்த்தம். ஆதலால் ஞாயிறும் போயா தினமும் அடுத்தடுத்து வரும் நாட்களைத் தேர்ந்தால் இழக்கும் பேரின், அதாவது நாட்சம்பளத்தின், எண்ணிக்கை குறையும். தனி வாகனம் ஒரு குடும்பத்துக்குக் கட்டாது. உறவினர் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரு வேனைப் பிடித்து, ஒரு வருஷம் முன்பே பிரயாணத்துக்கென்று ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டால் எவருக்கும் கடன் ஏறாது. கிலோமீட்டருக்கு எவ்வளவு, காத்திருப்புக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வது உறவையும் காப்பாற்றும். சாரதி இரவு நித்திரை கொள்ள வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதலாம். விடிய விடிய ஓட்டிவிட்டு மறுநாளும் ஓட்டும் வழக்கம், யாத்திரை வேன்கள் பலவற்றின் விபத்துக்கு மூலகாரணம்.

கடலில் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றிலே குளித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நீரைக் கண்டு பயமில்லை. ஆபத்து அதிலேயே இருக்கிறது. ஆற்றின் ஓட்டம் ஒரே திசையானது. கடலோ கரைக்குத் தள்ளிய நீரைக் குறுகிய வழிகளில் திருப்பி இழுத்துக்கொள்ளும். இருபுறமும் அலை உடைய, நடுவே ஓரிடம் மட்டும் அலையின்றிக் கருமையாகத் தெரிந்தால் அங்கேதான் அந்த இழுப்பு இருக்கும். அமைதியான இடமென்று அங்கே இறங்குகிறவர்களே அதிகம் அகப்படுகிறார்கள். அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து விலகிவிடலாம். சிவப்புக் கொடி நட்ட இடத்திலும், மது அருந்திய நிலையிலும் கடலில் இறங்குவதில்லை என்பதைப் புறப்படும் முன்பே பெரியவர்கள் தமக்குள் சொல்லிவைத்துக்கொள்ளட்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இறுதியாக, இத்தகைய திட்டங்களில் எவரும் எழுதிக்கொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. தோட்டத்துக் குடும்பங்கள் பிரயாணம் போகும்போது, நள்ளிரவில் எழுந்து புளிச்சோறு கட்டுவதும், ரொட்டி சுடுவதும், வழியில் அடுப்பு மூட்டுவதும், வாந்தியெடுத்த பிள்ளையைக் கழுவுவதும், மற்றவர்கள் கடலில் குளிக்கும்போது செருப்புகளையும் பைகளையும் காவல் காப்பதும் பெண்களின் பங்காகவே விடப்படுகின்றன. வாரம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டு மலைக்குப் போகிறவளுக்கு, கடற்கரையிலும் அதே வேலை காத்திருக்குமானால், அவளுக்கு அது விடுமுறையன்று; வேலை செய்யும் இடம்தான் மாறியிருக்கிறது. ஆகவே செலவுத் தாளில் ஒருவேளைக் கடைச்சாப்பாட்டுக்கென்று ஒரு தொகையை முதல் வரியிலேயே ஒதுக்கி, பைகளுக்குக் காவலாக ஆண்கள் முறைவைத்து உட்கார ஏற்பாடு செய்ய வேண்டும். எத்தனை ஊர் பார்த்தோம், எத்தனை படம் பிடித்தோம் என்பதைக் கொண்டு பிரயாணத்தின் வெற்றியை அளப்பதைவிட, வீட்டுக்காரி எத்தனை நேரம் கடலில் நின்றாள் என்பதைக் கொண்டு அளப்பதே நியாயமான கணக்கு.